உனக்கும் வலித்ததா என்று கேட்டார்கள்

என் அன்பு நைனாவுக்கு,

நான் பட்டாளத்திலிருந்து வந்துவிட்டேன். லீவில் இல்லை, மொத்தமாக. பெட்டியை இறக்கி வைத்துவிட்டு உன் படத்துக்கு முன்னால் நின்றபோதே இதைச் சொல்லியிருக்கலாம். அம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். உன் மருமகள் கலா சமையலறையில் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள், கொஞ்சம் சத்தமாகவே. அதனால் எழுதுகிறேன். மற்றவர்களும் படித்தால் படிக்கட்டும்.

முதலில் விஷயம். எனக்குத் தலைவலி. தைலம் தடவினால் போகிற தலைவலி இல்லை, மைக்ரேன். நீ இருக்கும்போதே ஆரம்பித்துவிட்டது. பாலைவனத்துப் பக்கம் ராணுவ லாரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் எப்போதாவது வரும். அப்புறம் வாரம் தவறாமல் வர ஆரம்பித்தது. இடது கண்ணின் ஓரத்தில் வெளிச்சம் கோணல்மாணலாக நெளியும். கொஞ்ச நேரத்தில் மண்டையின் ஒரு பக்கம் மட்டும் இடிக்கும், வாந்தி வரும். அதற்கு மேல் ஆளில்லாத இருட்டு அறை ஒன்று கிடைத்தால் போதும் என்றிருக்கும். பட்டாளத்தில் எல்லாம் கிடைக்கும், அது மட்டும் கிடைக்காது.

மாத்திரை போட்டுக்கொண்டு சமாளித்தேன். ஒரு நாள் வண்டிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தபோது எனக்கு முன்னால் போன லாரியில் பாதி காணாமல் போனது. வலது பாதி இருக்கிறது. இடது பாதி இருந்த இடத்தில் வெறும் மினுமினுப்பு. என் வண்டியின் பின்னால் பையன்கள் பாட்டுப் பாடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரம்கட்டி நிறுத்தினேன். ஏன் நிறுத்தினாய் என்று கேட்டார்கள், சொன்னேன். அன்றைக்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவில்லை.

என்னை ஸ்டோரில் உட்காரவைத்து, அவ்வப்போது ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன் எடுத்ததில் மண்டைக்குள் ஒன்றும் இல்லை என்று வந்தது. அது தெரிந்த விஷயம்தானே என்று யூனிட்டில் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். கடைசியில், இவன் இனிமேல் வேலைக்கு ஆவானா மாட்டானா என்று முடிவு செய்ய மெடிக்கல் போர்டு வைத்தார்கள். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். அவர்கள் என்ன எழுதுகிறார்களோ அதுதான்.

வார்டில் எனக்குப் பக்கத்துக் கட்டில் ஒரு சுபேதார். குணசேகரன் என்று பெயர், வேலூர்ப் பக்கம். முதுகெலும்பு போய்ப் படுத்திருந்தார். போர்டு சமாச்சாரமெல்லாம் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு.

"வேலை போறது போறதுதான், அத்த வுடு," என்றார். "வியாதி சர்வீசால வந்துதா, ரத்தத்துலயே இருந்துதான்னு பாப்பாங்க. அதான் விஷயம். ஒங்க அப்பாவுக்கு இருந்துதான்னு கேப்பாங்க. இல்லன்னு சொல்லிடு."

"இருந்துதுன்னா?"

"ரத்தத்துல வந்துதுன்னு எழுதிடுவாங்க. வியாதிக்கான பென்சன் போச்சு. வெறும் பென்சனை வச்சிகினு வூட்ல குந்தினு இரு."

அப்போதுதான் நைனா, முதல் முறையாக யோசித்தேன். உனக்கு இருந்ததா?

எனக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான். சில நாள் நீ ஹார்பரிலிருந்து வந்ததும் யாரிடமும் பேசாமல் உள்ளே போய்விடுவாய். ஈரத்துண்டை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாய். நாங்கள் சத்தம் போடக் கூடாது. யாராவது வாசலில் வந்து கேட்டால் அம்மா, "போட்டுகினு பட்த்துகினுகீறாரு, நாளிக்கி வாங்க" என்பாள். வந்தவர்கள் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள். அதனால் நீ குடிக்கிறவன் என்பது எனக்கும் தெரிந்த விஷயம். நம் தெருவில் அது ஒரு விசேஷமும் இல்லை. அடிக்காத, கடன் வைக்காத குடிகாரன் என்று உனக்கு நல்ல பெயர்தான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். டோல்கேட் மார்க்கெட்டில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் கன்டெய்னர் லாரிகளின் ஹாரன், அதற்கு மேல் அவள் குரல்.

"ஏம்மா, நைனாவுக்குத் தலவலி வருமா?"

கத்தரிக்காய்க்காரனைக் கொஞ்சம் இருக்கச் சொன்னாள்.

"இப்போ எதுக்குடா அதெல்லாம்?"

"டாக்டர் கேப்பாங்க. சொல்லு."

"வரும். வந்தா வாந்தி எட்த்துகினு பொரண்டுகினு கெடப்பாரு."

"அப்போ குட்ச்சிட்டுப் பட்த்துகினுகீறாருன்னு சொல்லுவியே?"

"அவுரு எங்கடா குட்ச்சாரு? ஒரு சொட்டு நாக்குல வச்சதில்ல. அப்டி சொல்லச் சொன்னதே அவுருதான்."

அப்புறம் அம்மா விவரமாகச் சொன்னாள், கத்தரிக்காய்க்காரனைக் காக்கவைத்துவிட்டு. நீ கிரேன் ஓட்டுகிறவன். தலைவலி என்று தெரிந்தால், மேலே வைத்து என்றைக்காவது சாய்த்துவிடுவான் என்று காண்டிராக்டர் உன்னைக் கீழே இறக்கிவிடுவான். கீழே இறங்கினால் மூட்டை தூக்கவேண்டும். குடித்துவிட்டுப் படுத்திருக்கிறான் என்றால் ஒன்றுமில்லை. நாளைக்குத் தெளிந்துவிடும், வந்துவிடுவான் என்று விட்டுவிடுவார்கள். "குட்ச்சவனுக்கு மறுநாள் வேல கீதுடா. சீக்காளிக்கு இன்னா கீது?" என்றாள். சொல்லிவிட்டுக் கத்தரிக்காய்க்கு விலை பேசப் போய்விட்டாள்.

நான் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சரியாகத் தெரியவில்லை.

அதோடு சிரிப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். நீ போனதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் உன் நாளில் இலை போட்டுப் படைக்கிறோம். செத்தவருக்குப் பிடித்ததை வைக்கவேண்டுமே. வஞ்சிரம் வறுவல், கருவாட்டுக் குழம்பு, வடை. அதன் பக்கத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில். அதை வாங்கி வருவது மணி மாமு. உன் கிரேனுக்குக் கீழே நின்று கையைக் காட்டிக்கொண்டிருந்தவர். "எங்களோட சேந்து ஒரு நாளும் குட்ச்சதில்ல, வூட்ல தனியாதான் குடிப்பான், கெத்து புட்ச்சவன்" என்று சொல்லி, மூடியைத் திறந்து இலை ஓரத்தில் நாலு சொட்டு தெளிப்பார். கற்பூரம் காட்டி முடிந்ததும் மிச்சம் அவருக்குப் பிரசாதம். அம்மா இதையெல்லாம் வாயே திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீ தொடாத சாராயத்தைச் செத்த பிறகு உன் இலையில் ஊற்றியிருக்கிறோம், வருஷா வருஷம், பயபக்தியோடு.

ஒன்று கேட்கவேண்டும் நைனா. எனக்கு லாரியில் வந்தபோது ஓரம்கட்டி நிறுத்திவிட்டேன். கிரேன் மேலே உனக்கு வந்தபோது என்ன செய்தாய்? கடல் வெயில் கண்ணாடியில் அடித்து, கொக்கியில் பெட்டி தொங்க, கீழே மணி மாமு கையைக் காட்ட, அவர் கை பாதி தெரியாமல் போயிருக்குமே. அங்கே ஓரம் எது?

போர்டுக்கு முந்தின நாள் கலா போன் செய்தாள். யாழினியின் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். உன் பேத்தி இப்போது ஏழாம் வகுப்பு. மத்தியானத்தில் டெஸ்க்கில் தலையைக் கவிழ்த்துக்கொள்கிறாளாம். டீச்சர் கேட்டதற்கு, தூங்கிவிட்டேன் மிஸ் என்றாளாம். வகுப்புக்கு வெளியே நிற்கவைத்திருக்கிறார்கள்.

"நம்பளாண்ட வந்து லைட்டு நெளியுதுன்றா," என்றாள் கலா. "அத்த மிஸ்ஸாண்ட சொல்றதுக்கு இன்னாடீன்னா, சீக்குப் புடிச்சவன்னு சொல்லுவாங்கோன்றா. தூங்கினேன்னு சொன்னா வெளிய நிக்க வச்சிட்டு வுட்டுடுவாங்கோளாம்."

அப்படியே உன் கணக்கு. சீக்காளி என்பதைவிடத் தூங்குமூஞ்சி என்பது மேல். இதை யார் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது? நீ அவளைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனபோது அவளுக்குப் பேச்சே வரவில்லையே.

குணசேகரன் சொன்னது கலாவுக்குத் தெரியும். போனை வைக்கும்போது சொன்னாள்: "நாளிக்கி ஒழுங்கா இல்லன்னு சொல்லிட்டு வா." சரி என்றேன். அதுதான் என் எண்ணமும்.

போர்டில் நடுவில் உட்கார்ந்திருந்தது ஒரு பெண் கர்னல். முகத்தில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. எனக்கு அது பிடித்திருந்தது. எப்போதிலிருந்து, எத்தனை நேரம், எந்தப் பக்கம் என்று ஹிந்தியில் கேட்டுக்கொண்டே எழுதினார். பிறகு தலையை நிமிர்த்தாமல், குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா, அப்பாவுக்கு இருந்ததா என்றார்.

இல்லை என்பது ஹிந்தியில் சின்ன வார்த்தை. வாயில் தயாராக இருந்தது. ஆனால் நான் சொன்னது, இருந்தது என்று. ஈரத்துண்டு கட்டிக்கொண்டு இருட்டில் படுத்திருப்பார், வாந்தி எடுப்பார், எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து என்று சொன்னேன். கேட்காததையும் சொன்னேன், என் மகளுக்கும் ஆரம்பித்திருக்கிறது என்று. அந்த அம்மா பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். இதனால் உனக்கு என்ன ஆகும் என்று தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். எழுதிக்கொண்டார்.

வீரமெல்லாம் ஒன்றும் இல்லை நைனா. அந்த அறைக்குள் மறுபடியும் உன்னைக் குடிகாரனாக்கிப் படுக்கவைக்க எனக்கு மனசு வரவில்லை. உன்னை நினைத்து அழாத நான், உன் காரியத்தில்கூட அழாத நான், வெளியே வந்து கைகழுவும் இடத்தில் நின்று அழுதேன். துடைத்துக்கொண்டு வார்டுக்குப் போனேன்.

குணசேகரன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏன்டா தாமு, செத்துப்போனவருக்கு இன்னாத்துக்குடா இப்போ மெடிக்கல் சர்டிபிகேட்டு?"

முடிவு அவர் சொன்னபடியே வந்தது. வேலைக்கு ஆகமாட்டான், அனுப்பிவிடலாம். வியாதி சர்வீசால் வந்ததல்ல. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள், செய்யப்போகிறேன். பாலைவனத்து வெயிலும் தூங்காத ராத்திரிகளும் அதைக் கிளறிவிடவில்லை என்று யாரும் சொல்லமுடியாது. கிடைத்தால் கிடைக்கட்டும். அதற்காக உன்னைத் திரும்ப அழித்து எழுதமாட்டேன்.

கலா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்து குடும்பத்தில் பாதியைத் தூக்குகிறவள், அவளுக்குக் கோபப்பட உரிமை உண்டு. மூன்றாம் நாள் சோறு போட்டுக்கொண்டே, "உண்மய சொல்றதா இருந்தா வூட்டுக்கு வந்து சொல்றது. அத்த போய் அங்கயா சொல்லுவ?" என்றாள். கொஞ்சம் கழித்து, "மாமா பாவம்தான்" என்றாள். அது உனக்கு.

இப்போது வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். வண்டி ஓட்டமுடியாது. எண்ணூர் ரோட்டில் ஒரு கன்டெய்னர் யார்டில் சூப்பர்வைசர் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள். மணலி ரிஃபைனரிப் பக்கமிருந்து காற்றடித்தால் அந்த நாற்றத்துக்கே எனக்குத் தலைவலி கிளம்பிவிடுகிறது, பார்க்கலாம். தலைவலி வரும் என்று சொல்லித்தான் வேலை கேட்டேன். யார்டுக்காரர்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

நேற்று யாழினியின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டீச்சர் சின்னப் பெண், மூக்குக்கண்ணாடி போட்டிருந்தாள். யாழினி தூங்குவதில்லை, அவளுக்கு மைக்ரேன், டாக்டரிடம் காட்டியிருக்கிறோம், வரும்போது விளக்கில்லாத இடத்தில் கொஞ்சம் படுக்கவிடுங்கள் என்றேன்.

"இவ்ளோ சின்ன வயசுலயா சார்?"

"எங்க குடும்பத்துல உண்டும்மா. எனக்கு இருக்கு. எங்க அப்பாவுக்கும் இருந்துது. ஹார்பர்ல கிரேன் ஓட்னாரு. அவுரு குடிக்கமாட்டாரும்மா."

"நான் அதைக் கேக்கவே இல்லையே சார்," என்றாள்.

கேட்கவில்லைதான். இனி யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன் நைனா. மணி மாமுவிடம் சொல்வேன், தெருவில் சொல்வேன், கேட்கக் காது இருக்கிற இடத்திலெல்லாம் சொல்வேன். உனக்கு வலித்தது. வலியோடுதான் ஏறி, வலியோடுதான் இறங்கி, எங்களுக்குச் சோறு போட்டாய்.

இப்படிக்கு,
உன் தலைவலிக்கும் வாரிசான உன் மகன்,
தாமு