இரண்டு டெனர்கள், ஒரு சரணம்

மார்ச் 24, செவ்வாய்

எழுந்ததும் முதல் வேலை, உப்புத் தண்ணீர் கொப்பளித்தது. ஆறு மணிக்கே புழுக்கம். பால் பொங்கி அடுப்பெல்லாம்.

நேற்றிலிருந்து ஒரே பாட்டு, இரண்டு பேர் பாடியது. இத்தாலிய ஓபரா. ஒருவர் நூறு வருஷத்துக்கு முந்தைய இசைத்தட்டில் இருப்பவர். பழையவர், இனி இங்கே ப. மற்றவர் இன்றைக்கும் மேடையில் பாடுகிறவர். இன்றையவர், இ. இருவரும் டெனர், ஆண்குரலில் உயரமானது. ஒரு வார்த்தை புரியவில்லை. யாரையோ விட்டுப் பிரிகிறவன் பாடுவதாக நானே வைத்துக்கொண்டேன்.

சர்ச் பாடகர் குழுவில் எத்தனையோ வருஷமாக டெனர் வரிசையில்தான் நிற்கிறேன், டானியல் அண்ணன் பக்கத்தில். ஆண்கள் போதவில்லை, எனக்கோ கட்டைக் குரல். ஆனால் டெனர் என்றால் இது என்று யாரும் சொல்லவில்லையே!

இவர், என் வீட்டுக்காரர், சட்டைக்கு இஸ்திரி போட்டபடி: "யாரும்மா அந்தாளு? வயித்து வலியா?"

"போங்க அந்தப் பக்கம்."

கொஞ்ச நேரத்தில் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு நின்று கேட்டார். சட்டை தப்பித்தது.

மார்ச் 26, வியாழன்

கம்பெனியில் புது லாட், நீலத் துணி. டியூப்லைட்டில் சாம்பிளோடு ஒத்துப்போகிறது. வெயிலில் வைத்தால் வேறு நீலம். திருப்பி அனுப்பினேன். சாயப்பட்டறையிலிருந்து ஃபோன்: "சார், கொஞ்சம் பாத்து பாஸ் பண்ணுங்க சார்."

சார் இல்லை, மேடம் என்று திருத்துவதை விட்டு நாளாச்சு. "இல்லீங்க, ஆகாதுங்க."

பாட்டையும் இப்படி வெளிச்சம் மாற்றிப் பார்த்தால்? பார்த்தேன். பஸ்ஸில் இ. தான். ஹாரன், விசில், பக்கத்து சீட்டுச் சண்டை எல்லாவற்றுக்கும் மேலே அவர் குரல், துளி கலங்காமல். ப. கரைந்தே போனார். மத்தியானம் சாப்பாட்டு ரூமில், ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில், தலைகீழ். ப. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து பாடுகிறார். அந்தக் காலத்தில் ஒரு குழாய்க்கு முன்னால் நின்று பாடுவார்களாம். சின்ன ஓட்டை அவருக்குப் பழக்கம்தான். இ. அதற்குள் நெரிபட்டார்.

பேக்கிங் செல்வி, தூத்துக்குடிக்காரி: "யக்கா, இவரு அழுதாரா, ஏசுதாரா?"

"ரெண்டுந்தான்."

"எங்க வீட்டுக்காரரு மாதிரில்லா இருக்கு."

யார் பெரியவர்? ஒத்துப் பார்க்க ஒரு சாம்பிள் இல்லாத வேலை இது.

மார்ச் 28, சனி

சாயங்காலம் ப்ராக்டிஸ். டானியல் அண்ணன் வந்தார், பேசவில்லை. தொண்டையில் ஏதோ கட்டி போல. ஒரு மாதம் வாயே திறக்கக் கூடாது என்றாராம் டாக்டர். ஈஸ்டர் பாட்டில் மூன்றாம் சரணம் டெனர் மட்டும் தனியாகப் பாட வேண்டியது. ஈஸ்டர் அடுத்த ஞாயிறு.

ஸ்டெல்லா அக்கா: "இவ இருக்காளே! ஃபோன்லயே சார்ங்கறாங்க, அப்பறமென்ன?"

எல்லாரும் சிரிப்பு. நானும்.

குழுவை நடத்தும் ஜெபராஜ் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. யோசித்தார். அது இன்னும் மோசம். "வரிசையில சேந்து பாடறது வேற கண்ணு. தனியாப் பாடுனா சனம் திரும்பிப் பாக்கும். உனக்குத்தான் சங்கடம். மூணாவதுக்குக் கீபோர்டு மட்டும் வாசிக்கட்டும்."

அன்பாகத்தான் சொன்னார். "சரிங்ணா" என்றேன். அதுவும் கட்டையாகத்தான் வந்தது.

மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு

ஓலை விரலைக் கீறிவிட்டது. கேஸ் புக் பண்ண மறதி. சப்பாத்திக்கு மாவு.

மாவு பிசைந்தபடி ப.வைக் கேட்டேன். உச்ச ஸ்வரத்துக்குப் போகும் முன் ஒரு மூச்சு இழுக்கிறார். இசைத்தட்டின் கரகரப்புக்குள் அது கேட்கிறது. இத்தனை நாள் எப்படி விட்டேன்? எப்போதோ செத்துப்போன மனுஷனின் மூச்சு, எங்கள் ஊர் மண்ணரையில், என் அடுப்படியில். கை மாவோடு அப்படியே நின்றேன்.

பிறகு இ.யின் வீடியோ. அவர் மூச்சு கேட்காது. ஆனால் அதே இடத்தில் தோள் விரிகிறது, கால் சற்று அகன்று ஊன்றுகிறது. அந்த நொடியில் இருவருமே அந்த உச்சம் வேண்டாம் என்று விட்டுவிடலாம். விடவில்லை. அடுத்து வருகிற குரல் ஏறிப் போகவில்லை, முன்பே அங்கே இருக்கிறது. மனுஷத் தொண்டைதானா இது!

ஒப்பிடுவதை நிறுத்திவிட்டேன். இருவரும் வேண்டும்.

ஏப்ரல் 2, வியாழன்

மழை வருகிற மாதிரி இருட்டி, ஏமாற்றிப் போனது. வெள்ளைப் புடவை மடிப்பில் துரு. எலுமிச்சை தேய்த்து வெயிலில்.

கடைசி ப்ராக்டிஸ். மூன்றாம் சரணத்துக்குக் கீபோர்டு மட்டும். சோறு போடாத இலை மாதிரி. பக்கத்தில் டானியல் அண்ணனின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. என்னுடையதும். பாதியில் அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். முழங்கையால் ஓர் இடி. பாடு என்கிறாரா, தள்ளி நில் என்கிறாரா? கேட்டால் அவரால் பதில் சொல்லவும் முடியாது, பாவம்.

வீட்டுக்கு வந்து, குளியலறையில், தாழிட்டு, அந்தச் சரணத்தை முழுசாகப் பாடினேன். அந்த மூச்சையும் இழுத்து.

வெளியே வந்தால் இவர், டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல்: "மறுபடியும் அந்தாளா?"

கேலி இல்லை. நிஜமாகவே கேட்டார்.

"ஆமாங்க."

ஞாயிறு, கீபோர்டு மட்டும் வருகிற இடத்தில், நிற்கிற வரிசையிலிருந்தே பாடிவிடப் போகிறேன். ஜெபராஜ் அண்ணனுக்குச் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. சனம் திரும்பிப் பார்க்கட்டும்.