பக்கத்தில் வைத்த தசை

மார்ச் 3

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. போனில் பேசினால் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நிற்கிறாள். அதனால்தான் கடிதம். பதிலை வீட்டுக்கு அனுப்பித் தொலைக்காதே, நான் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனி முகவரிக்கே போடு.

டாக்டர் என் முன்னங்காலில், முழங்காலுக்குக் கீழே, ஒரு துண்டு தசையை வெட்டி எடுத்துவிட்டார். நீ கேட்டுக்கொண்டபடி அதில் பாதி உன் ஆய்வகத்துக்கு வருகிறது. கால் அப்படியேதான் இருக்கிறது, சமதரையில் தடுக்குகிறது. நேற்று லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணியில் கால் மாட்டி, உயிர் போய் உயிர் வந்தது. கூட இருந்தவன், "என்னண்ணே, காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டீங்களா?" என்று சிரித்தான். நானும் சிரித்து மழுப்பினேன்.

இதயத்தையும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் டாக்டர். எடுக்க மாட்டேன். கால் வலி என்றால் ஏதாவது சாக்கு சொல்லலாம். இதயத்தில் கோளாறு என்று எழுதிவிட்டால் அப்புறம் குழிக்குள் இறங்கவே விடமாட்டார்கள், ஆபீசில் உட்கார வைத்துவிடுவார்கள். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும், அதுதான் பிடிக்கும். உன் அண்ணிக்கு எதுவும் தெரியாது. நீயும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு.

அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

உன் துண்டு வந்து சேர்ந்தது. ஐஸ் பெட்டியை நானே கையில் வாங்கினேன். தினமும் யார் யாருடைய தசையையோ சீவிச் சாயம் ஏற்றுகிறவள், இன்று கத்தியை எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன், கடைசியில் காபி குடிக்கப் போய்விட்டேன்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், கொட்டாவி விடாதே. தசைக்குள் குட்டிக் குட்டி அறைகள் வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு பக்கமும் சுவர். சுவர்களிலிருந்து மெல்லிய இழைகள் உள்ளே நீளும், நடுவில் தடித்த இழைகள் நிற்கும். நீ காலைத் தூக்கும்போது மெல்லியவை தடித்தவற்றுக்கு இடையே நுழைய, சுவர்கள் கிட்டே வரும். டைட்டின் என்று ஒரு புரதம், மிக நீளமானது. சுவரிலிருந்து அறையின் நடுக்கோடு வரை ஓடி, தடித்த இழைகள் நடுவை விட்டு நகராமல் பிடித்து வைத்திருக்கும். அதன் நடுக்கோட்டு முனை பழுதானால் முன்னங்கால்தான் பல பேருக்கு முதலில் சோரும். உனக்கு அந்த முனை சரியாக இருக்கிறதா என்றுதான் பார்க்கப்போகிறேன்.

இதே டைட்டின் இதயத்திலும் இருக்கிறது அண்ணா. சிலருக்குக் காலோடு நின்றுவிடும், சிலருக்கு இதயத்தையும் தொடும். உனக்கு எப்படி என்று ஸ்கேன் எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. அப்பாவும் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்பார். ஒருநாள் மாடிப்படியில் அப்படியே சரிந்தவர் எழவே இல்லை. அதற்குப் பிறகும் நீ வேலை, வேலை என்கிறாய். எனக்கு உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஸ்கேனை எடுத்துத் தொலை.

வாலு


மார்ச் 19

அண்ணா,

தபால்காரர் வருவதற்குள் அவசரமாக எழுதுகிறேன். பார்த்துவிட்டேன்.

டைட்டினின் சுவர் முனைக்குப் பச்சைச் சாயம், நடுக்கோட்டு முனைக்குச் சிவப்புச் சாயம் ஏற்றினேன். பச்சைக் கோடுகள் பளிச்சென்று இருந்தன. சிவப்பு மங்கல். ஆனால் சாயம் எல்லா நாளும் ஒரே மாதிரி பிடிக்காது. அதற்காகவே எப்போதும் நல்ல தசை ஒன்றையும் அதே கண்ணாடித் தகட்டில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். இங்கே வேலைக்குச் சேர்கிறவர்கள் இஷ்டப்பட்டால் தங்கள் தொடையிலிருந்து ஒரு துண்டு கொடுப்பார்கள், நானும் கொடுத்திருக்கிறேன். 'நலம்' என்று எழுதிய பெட்டியிலிருந்து கைக்குக் கிடைத்தது என்னுடையதுதான். அதிலும் சிவப்பு அதே மங்கல்! ஆக, சொதப்பியது சாயம், உன் தசை இல்லை. உனக்கு நரம்பில் ஏதாவது சிக்கல் இருக்கலாம், அதை டாக்டர் பார்த்துக்கொள்வார்.

அப்பாடா. இன்றைக்குத்தான் சோறு உள்ளே இறங்குகிறது.

வாலு


மார்ச் 27

அன்புள்ள வாலுக்கு,

உன் கடிதத்தைக் குழிக்குள் உட்கார்ந்து டார்ச் வெளிச்சத்தில் படித்தேன். உன் தசையும் என் தசையும் ஒரே மாதிரி இருக்கிறதாமே. சின்ன வயதில் என் தட்டிலிருந்தும் எடுத்துத் தின்று வளர்ந்த தசை அல்லவா, இருக்காதா பின்னே.

ஸ்கேன் பேச்சை இனி எடுக்காதே. வேண்டாம் என்று டாக்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். "பிறகு என்னைக் குறை சொல்லாதீங்க" என்றார். சொல்லிக்கொள்ளட்டும். திங்கட்கிழமையிலிருந்து முப்பது மாடிக் கட்டடத்தில் வேலை, நான்தான் மூத்த ஆள். கால் மட்டும் இன்னும் தடுக்குகிறது. படுத்தால் மார்பில் ஏதோ படபடவென்கிறது. சந்தோஷத்தில்தான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 4

அண்ணா,

ஏணியில் ஏறாதே. இதைப் படித்த உடனே கீழே இறங்கிவிடு. திரும்பத் திரும்பப் போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. வீட்டுக்குப் போட்டால் அம்மா எடுத்தாள். அவளிடம் என்னவென்று சொல்வது, நலம் விசாரித்து வைத்துவிட்டேன். அதனால்தான் கூரியரில் அனுப்புகிறேன்.

நீ என் சாப்பாட்டைப் பற்றி அடித்த நக்கலைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பாதிச் சிரிப்பில் தூக்கிவாரிப் போட்டது. ஒரே அப்பாவுக்குப் பிறந்த இரண்டு பேரைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இவள் நன்றாக இருக்கிறாள், அதனால் இவனும் நன்றாக இருக்கிறான் என்று எழுதியிருக்கிறேன். இவள் நன்றாக இருக்கிறாள் என்று யார் சொன்னது? அந்தப் பெட்டியில் எழுதியிருந்தது, அவ்வளவுதான்.

ஓடிப்போய் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவரின் துண்டை எடுத்து, மூன்றையும் ஒரே கண்ணாடித் தகட்டில் வைத்துச் சாயம் ஏற்றினேன். அவருடையதில் நடுக்கோடு நெருப்பாய்ச் சிவந்தது. உன்னுடையது மங்கல். என்னுடையதும் மங்கல்.

குதிகாலால் நடந்து பார்த்தேன். இடது பாதத்தின் முன்பக்கம் தரையை விட்டு எழவே மாட்டேன் என்கிறது. இத்தனை நாள் செருப்பு சரியில்லை என்று மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உன்னை ஸ்கேன் எடு, ஸ்கேன் எடு என்று பிடுங்கினேன் அல்லவா. இப்போது எனக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சீட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிகிறேன். ஆஸ்பத்திரி வாசல் வரை போனேன், திரும்பி வந்துவிட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

வாலு


ஏப்ரல் 9

என் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தபோது நான் பதினெட்டாவது மாடியில் இருந்தேன். படித்துவிட்டு மேலேயே கொஞ்ச நேரம் நின்றேன். எனக்காக என்றால் சத்தியமாக இறங்கியிருக்க மாட்டேன். நீ வாசல் வரை போய்த் திரும்பி வந்தாய் என்று படித்ததும் எனக்கு அங்கே இருப்புக்கொள்ளவில்லை.

சூப்பர்வைசரிடம் சொன்னேன், உன் அண்ணியிடமும் சொன்னேன். அவள் ஒரு பாட்டம் திட்டி, ஒரு பாட்டம் அழுது, தானே ஆட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மறைக்காமல் எழுதுகிறேன், என் இதயம் கொஞ்சம் தளர்ந்திருக்கிறதாம். மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "இப்பவாவது வந்தீங்களே" என்றார் டாக்டர். குழி வேலை போய்விட்டது. ராத்திரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து அழுதேன், உன் அண்ணி தூங்குவது போலப் படுத்திருந்தாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்கேன் எடுக்கும்போது இடது பக்கம் சாய்ந்து படுக்கச் சொல்வார்கள். மார்பில் ஜில்லென்று ஏதோ தடவுவார்கள், உடம்பு சிலிர்க்கும். ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள், வலிக்காது. உன் இதயம் அடிப்பது உனக்கே சத்தமாகக் கேட்கும். அந்த இடத்தில்தான் நான் பயந்தேன், நீயும் பயப்படுவாய். அப்போது திரையைப் பார்க்காதே, கதவைப் பார். கதவுக்கு வெளியே நான் இருப்பேன்.

வியாழக்கிழமை காலை உன் வீட்டுக்கு வருகிறேன். சீட்டை எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பித் தயாராக இரு.

அண்ணன்