ஆரஞ்சு நிறக் கோடு

நெகானி, மிச்சிகன்
அக்டோபர் 9

அன்புள்ள அர்விட்,

உன் கடிதம் திங்களன்று கைக்கு வந்தது. கப்பலில் சமையல்காரர் மாறிவிட்டார், புதியவர் எதிலும் உப்பே போடுவதில்லை என்று எழுதியிருந்தாய். உன் ரத்தக்கொதிப்பைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். நான் இல்லை. இங்கே எல்லாம் நலம். விறகு அடுக்கியாயிற்று. சவுனா நீராவிக் குளியலறையின் புகைப்போக்கியை உன் தம்பி உர்ஹோ வந்து துடைத்துக் கொடுத்தான், கூலியாக இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டி ரொட்டி இரண்டைத் தின்றுவிட்டுப் போனான். நேற்று முதல் பனி விழுந்தது, தரையில் தங்கவில்லை.

இனி உன் கடிதத்தின் மீதிக்கு வருகிறேன். மீதி என்ன மீதி, பாதிக்கு மேல் அதுதான். உன் பாயிண்ட் டூ டூ ரைபிள் மறுபடியும் குண்டுகளைச் சிதறடிக்கிறதாம். செப்டம்பர் விடுப்பில் உன்னை முன்கூட்டியே கப்பலுக்குக் கூப்பிட்டுவிட்டதால் லெனோரிடம் காட்ட நேரமில்லையாம். நான் கொண்டுபோய் அவள் பட்டறையில் வைத்தால் போதுமாம், ஜனவரியில் வந்ததும் நீயே போய் வாங்கிக்கொள்வாயாம். 'அதோட குணம் லெனோருக்குத்தான் தெரியும்' என்று வேறு எழுதியிருக்கிறாய். துப்பாக்கியின் குணத்தைத்தானே சொல்கிறாய்?

லெனோர் ட்ரெம்பாத்தை எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே தெரியும். ராணுவத்தில் துப்பாக்கி பழுது பார்த்தவள், புருஷனைப் புதைத்துவிட்டுத் தனியாக ஒரு கொட்டகையில் மரம் அறுக்கும் ரம்பத்திலிருந்து ரைபிள் வரை சரி செய்கிறவள், நன்றி நாளுக்கு முன்னால் நம் துப்பாக்கி கிளப் வான்கோழியைப் பரிசாக வைத்து நடத்தும் வான்கோழிப் போட்டியில் யாருக்கும் பறவையை விட்டுத்தராதவள். எல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ விடுப்பில் வரும் கொஞ்ச நாளில் ஒரு மதியமாவது அவள் முக்காலியில் உட்காராமல் திரும்பியதுண்டா? எனக்கு வயிறு எரிகிறது, அர்விட். டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகுக்காரர் இந்தக் கடிதத்தை வாளியில் போட்டு உன் கப்பலுக்கு ஏற்றும்போது தண்ணீர் பட்டு எது அழிந்தாலும் அந்த ஒரு வரி அழியக் கூடாது.

ஆகவே ரைபிளை அவளிடம் கொடுக்கவில்லை. நானே பார்க்கிறேன். என் அப்பாவின் வீட்டில் நடக்கத் தெரிவதற்கு முன்பே எங்களுக்குக் குறி பார்க்கத் தெரியும்.

ஜல்லிக் குழிக்குக் கொண்டுபோய், மணல் பையில் வைத்து ஐம்பது கஜத்தில் சுட்டேன். நான்கு குண்டு ஒரே துளையில் விழுந்தது, ஐந்தாவது வலப்பக்கம் ஓடிவிட்டது. அடுத்த முறை குண்டுகள் விழுந்த கூட்டமே இடம் மாறியது. தோட்டாவை மாற்றிப் பார்த்தேன், அதே கூத்து. உன் மான் துப்பாக்கியின் குறி பார்க்கும் ஸ்கோப்பைக் கழற்றி இதில் மாட்டிப் பார்த்தேன், அதே கூத்து. ஒவ்வொரு வெடிக்கும் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற வகை ஆயிற்றே, ஏற்றுவதில்தான் கோளாறோ என்று ஒவ்வொன்றாகக் கையால் போட்டும் சுட்டேன். ஒரு முன்னேற்றமும் இல்லை.

கடைசியில் சமையலறை மேசையில் கவிழ்த்துப் போட்டேன். இரும்பையும் மரக்கட்டையையும் சேர்த்துப் பிடிக்கிற அந்த ஒற்றை ஸ்க்ரூ அடியில் இருக்கிறதே, அது என் விரல் பட்டதுமே சுழன்றது. கழற்றினால் மரைக்குள் ஏதோ நீலத் தூள் உதிர்ந்தது. ஆனால் என் கண் அங்கே போகவில்லை. ஸ்க்ரூவின் தலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு சின்னக் கோடு. அதன் மிச்சப் பாதி பக்கத்துத் தகட்டில், வேறு பக்கம் பார்த்துக்கொண்டு. முகர்ந்து பார்த்தேன். நகப்பூச்சு.

நான் நகப்பூச்சு போடுகிறவளா? நம் வீட்டில் யார் போடுகிறார்கள்? என் புருஷனின் ரைபிளுக்கு அடிவயிற்றில் இன்னொருத்தியின் நகப்பூச்சு என்ன செய்கிறது? நான் ஆத்திரத்தில் அதைச் சுரண்டி எடுத்தேன். ஸ்க்ரூவை இறுக்கினேன். அதோடு நிற்காமல், அவள் கை பட்டது எதுவும் மிஞ்சக் கூடாது என்று குழல் முழுவதையும் சுத்தம் செய்யும் மருந்து ஊற்றிப் பித்தளைத் தூரிகையால் தேய்த்தேன். துணி வெள்ளையாக வெளியே வரும் வரை விடவில்லை. இப்போது உள்ளே பார்த்தால் கண் கூசுகிறது.

வான்கோழிப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். உன் ரைபிளோடு, லெனோருக்குப் பக்கத்து மேடையில்.

கம்பளிக் காலுறைகளைப் போட்டுக்கொள். அலமாரியில் வைத்து அழகு பார்க்கவா பின்னினேன்.

உன்,
ஐலா


நெகானி
நவம்பர் 12

அர்விட்,

உன் பதில் வந்தது. நகப்பூச்சைப் பற்றி நான் எழுதியதற்கு 'அதெல்லாம் ஒண்ணுமில்ல, லெனோர் விளக்குவா' என்று ஒரே வரி. பிறகு மறுபடியும், ரைபிளை அவளிடம் கொடுத்தாயா என்று. கொடுத்தேன். நீ சொன்னதற்காக அல்ல, வேறு வழியில்லாமல்.

நான் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய பிறகு ரைபிள் முன்னைவிட மோசமாகிவிட்டது. முன்பு ஐந்தில் ஒன்று ஓடியது, இப்போது ஐந்தும் ஐந்து ஊருக்குப் போயின. போட்டிக்குப் பெயர் வேறு கொடுத்திருக்கிறேன். லெனோர் முன்னால் அந்தக் குறி அட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைவிட இப்போதே போய் நிற்பது மேல் என்று சனிக்கிழமை சவுனாவைக்கூட விட்டுவிட்டு அவள் கொட்டகைக்குப் போனேன்.

உள்ளே அந்த முக்காலி இருந்தது. உட்காரும் இடம் தேய்ந்திருந்தது. நான் நின்றுகொண்டேதான் இருந்தேன்.

குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "என்ன ஐலா, இதுல கல்யாண விருந்து பரிமாறப் போறியா, இப்படிக் கழுவி வச்சிருக்க" என்றாள். இந்தச் சின்னத் தோட்டாக்களின் ஈயத்தில் மெழுகு தடவியிருக்குமாம். சுடச் சுட அந்த மெழுகு குழலின் உள்சுவரில் படிந்து, ஒவ்வொரு குண்டும் ஒரே மாதிரி வழுக்கிக்கொண்டு போக வழி செய்யுமாம். நான் அதை அடியோடு வழித்து எறிந்துவிட்டேன். "இரும்பு வாணலி மாதிரிதான். சோப்புப் போட்டுத் தேச்சா ஒட்டத்தானே செய்யும். ஒரு பெட்டித் தோட்டாவைச் சும்மா மண்மேட்டைப் பாத்துச் சுட்டுத் தீத்துட்டு வா, அதுவே பழகிக்கும்" என்றாள். தூரிகையைக் குண்டு வெளியேறும் வாய்ப்பக்கத்திலிருந்து விட்டதற்குத் தனியாகத் திட்டு வாங்கினேன். விளிம்பில் கீறல் விழவில்லை, என் அதிர்ஷ்டம்.

பிறகு நான் கேட்க வந்ததைக் கேட்டேன். பூசி மெழுகவில்லை. என் புருஷன் ரைபிளில் உன் நகப்பூச்சு எதற்கு என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள். நகம் எல்லாம் எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. மேசை இழுப்பறையில் அந்த ஆரஞ்சு சீசா இருந்தது. ஸ்க்ரூவை இறுக்கியதும் தலையிலிருந்து தகடு வரை ஒரு கோடு போட்டுவிடுவாளாம். ஸ்க்ரூ துளி நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கொட்டகையில் இருந்த எல்லாத் துப்பாக்கிகளிலும் அந்தக் கோடு இருந்தது. கிழவர் ஸ்வான்சனின் பனிவண்டியில்கூட இருந்தது.

எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அப்போதுதான் அவள், "நீ கழட்டுறப்போ கோடு சேந்திருந்துச்சா, உடைஞ்சிருந்துச்சா" என்று கேட்டாள்.

உடைந்திருந்தது என்றேன். கால் சுற்றுக்கு மேல் விலகியிருந்தது, நீலத் தூள் உதிர்ந்தது என்றும் சொன்னேன். லெனோர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள். ரைபிளைக் கவிழ்த்து அந்த ஸ்க்ரூவையே பார்த்தாள்.

பேசியபோது என்னிடம் பேசுவதுபோல் இல்லை. "மே மாசம் லூசாயிருச்சுன்னு கொண்டுவந்தான். இறுக்கிக் கோடு போட்டேன். ஜூலையில மறுபடியும் லூசு. அப்போ நீலப் பசை விட்டு இறுக்கினேன். அந்தப் பசை காஞ்சா திருகுசாவி போட்டு மல்லுக்கட்டாம ஒரு மயிரிழை அசையாது. இந்த ரைபிளோட உதைப்புக்குப் பூனைக்குட்டிகூடத் திரும்பிப் பாக்காது, ஐலா. இதுவா ஸ்க்ரூவைக் கழட்டும்? ஒரு ஆள் கழட்டியிருக்கான்" என்றாள்.

அந்த ஆள் யார் என்று எங்கள் இருவருக்குமே புரிந்துவிட்டது, அர்விட்.

அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "மூணு மாசமா என் கை மேலயே எனக்குச் சந்தேகம். கண்ணு போயிருச்சோ, வேலை மறந்துருச்சோன்னு. ஒருத்தன் உக்காந்து காப்பி குடிக்கிறதுக்காகவா என்னை இப்படி ஆக்குனான்" என்று இழுப்பறையை அடித்து மூடினாள். அவளுக்கு எதுவும் தெரியாது, அர்விட். நான் அவளை எவ்வளவு வெறுத்தேனோ அவ்வளவும் வீண்.

அப்புறம் நான் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். நீ இங்கே என்னதான் பேசுவாய் என்று கேட்டேன். தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை, பேசியிருந்தால் உன் காதைப் பிடித்து இழுத்துவந்து நம் வாசலில் விட்டிருப்பாளாம். போன நவம்பர் புயலைப் பற்றிப் பேசுவாயாம். சுப்பீரியர் ஏரியில் கப்பல் நடுவில் வளைந்ததை நீ கண்ணால் பார்த்ததையும், எந்திர அறையில் நீங்கள் எல்லாரும் உயிர்காப்பு உடுப்போடு நின்றதையும், உன் கை அதன் பிறகு நடுங்குவதையும். "சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்வான். நான் பாட்டுக்கு வேலையைப் பாத்துட்டிருப்பேன்" என்றாள்.

என்னிடம் அந்தப் புயலைப் பற்றி நீ சொன்னது, கொஞ்சம் காற்று இருந்தது என்று.

நகப்பூச்சுக்கு எரிந்ததெல்லாம் ஒரு எரிச்சலா. இதுதான் எரிகிறது. நீ அவள் கையைப் பிடித்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்திருப்பேன், பாத்திரத்தை எறிந்திருப்பேன், ஏதாவது செய்திருப்பேன். நீ பயந்ததை அவளுக்குக் கொடுத்திருக்கிறாய். எனக்கு உப்பில்லாத சாப்பாட்டைப் பற்றி எழுதுகிறாய். இன்று இதற்கு மேல் எழுத முடியவில்லை.

ஐலா


நெகானி
டிசம்பர் 1

அன்புள்ள அர்விட்,

உன் கடிதம் எதுவும் வரவில்லை. ஏரியில் காற்று என்று வானொலியில் சொல்கிறார்கள். முன்பெல்லாம் அதைக் கேட்டுக்கொண்டே ரொட்டி பிசைவேன். இப்போது பிசைய முடிவதில்லை.

வான்கோழிப் போட்டி முடிந்தது. லெனோர் சொன்னபடி ஒரு பெட்டித் தோட்டாவை மண்மேட்டில் சுட்டுத் தீர்த்தேன். பெட்டியின் பாதியிலேயே ரைபிள் நிதானத்துக்கு வந்துவிட்டது, அட்டையில் ஐந்தும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடங்கியது. போட்டியில் கடைசிச் சுற்றுவரை அவளும் நானும் சமம். கடைசிக் குண்டில் அவள் ஜெயித்தாள். விட்டுக்கொடுக்கவில்லை, அதற்காக அவளைப் பிடித்திருக்கிறது. இரண்டாம் பரிசு பன்றித் தொடை. உர்ஹோ மோப்பம் பிடித்து மறுநாளே வந்துவிட்டான். போட்டி முடிந்து கிளம்பும்போது லெனோர், "அவன் வந்தா சொல்லு, என் கடை தொறந்துதான் இருக்கும், நெஜமாவே ஏதாவது கெட்டுப்போனா" என்றாள்.

அவள்மேல் பொறாமை போய்விட்டது என்று நினைக்காதே. போகவில்லை. அவளுக்குக் கேட்கத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லையா, அல்லது நீ எனக்குச் சொல்லிப் பார்க்கவே இல்லையா என்று தினமும் யோசிக்கிறேன். நீ வீட்டுக்கு வந்ததும் கூரை, குழாய், உர்ஹோவின் கடன் என்று நான்தான் பேசிக்கொண்டே இருப்பேன். நீ வாயைத் திறக்க இடம் எங்கே இருந்தது என்றும் யோசிக்கிறேன்.

நிலவறையில் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் இருந்த மேசையைக் காலி செய்திருக்கிறேன். ஜாம் சீசாக்கள் எல்லாம் மேலே போய்விட்டன. ஒரு விளக்கு மாட்டியாயிற்று. லெனோரிடம் கேட்டு அந்த முக்காலியை வாங்கி வந்துவிட்டேன், அவள் ஒன்றும் கேட்காமல் வண்டியில் ஏற்றிவிட்டாள். எனக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறேன். பின்னல் வேலையை அங்கேயே வைத்திருக்கிறேன், நான் பாட்டுக்குப் பின்னிக்கொண்டிருப்பேன். கூரையைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ரைபிள் சுவரில் அதன் இடத்தில் இருக்கிறது. ஸ்க்ரூவை நானே இறுக்கினேன். மருந்துக் கடையில் ஒரு நகப்பூச்சு வாங்கி, தலையிலிருந்து தகடு வரை கோடு போட்டிருக்கிறேன். ஆரஞ்சு இல்லை, சிவப்பு. அதைத் திருகும் சாவியை ஒளித்து வைக்கவில்லை, வழக்கமான இழுப்பறையில்தான் கிடக்கிறது.

பனிக்கட்டி இறுகுவதற்குள் கப்பல் கரை சேர வேண்டும், நீ முழுசாக வந்து சேர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கை நடுங்கினால் நடுங்கட்டும், அப்படியே வா. என் பக்கத்தில் வந்து உட்கார நீ எதையும் கழற்ற வேண்டியதில்லை, அர்விட்.

காத்திருக்கும்,
ஐலா