மங்குக்கு மருந்து கொடுக்காத அத்தானுக்கு

அன்புள்ள அத்தானுக்கு,

உயிரோடிருந்த காலத்திலேயே நீங்கள் என் கடிதங்களுக்குப் பதில் போட்டவரில்லை. ஆகவே நீங்கள் காலமாகி இரண்டு வருஷத்துக்குப் பிறகு எழுதுவதில் எனக்குப் புதிதாக ஏமாற்றம் ஒன்றுமில்லை. யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

உங்கள் மகள் கோமதிக்கு ஆண் குழந்தை பிறந்து ஐந்து மாதமாகிறது. பிரசவத்துக்கு வந்தவள் இன்னும் தென்காசியில்தான் இருக்கிறாள். பிள்ளைக்கு உங்கள் காது. தாய்க்கு இரண்டு கன்னத்திலும் மங்கு, கறுத்துத் திட்டுத் திட்டாக.

மங்கு என்று வந்தவர்களுக்கு நீங்கள் சொல்வது ஊருக்கே மனப்பாடம். "வெயில் படாமல் குடை பிடி. தேய்க்காதே, சுரண்டாதே. பிரசவத்தில் வந்தது மெல்லக் குறையும், ஒரு வருஷம் பொறு." மருந்துக்கென்று பாட்டில் கொண்டுவந்தவர்களைக் காலிப் பாட்டிலோடு திருப்பி அனுப்பினீர்கள். பாட்டிலை நிரப்பாதவர் நம் ஊரில் ஒரு டாக்டரா? மருந்தைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் கொடுக்கிறீர்கள் என்று ஊர் முடிவு செய்தது. சொந்தக்காரர்களோ ஊருக்குக் கொடுத்துவிட்டு நமக்கு மறைக்கிறார் என்றார்கள். இரண்டு கட்சியும் ஒத்துக்கொண்ட விஷயம், மருந்து உங்களிடம் இருக்கிறது என்பதுதான்.

இந்தச் சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்கப் போன அக்கா ஒரு டப்பாவோடு திரும்பினாள். மேலே உங்கள் பெயர். 'காலஞ்சென்ற டாக்டர் அவர்களின் ரகசியக் கைமுறை, மங்கு நிவாரணக் களிம்பு.' கீழே முறுக்கு மீசையோடு ஒரு படம்.

"அக்கா, அத்தானுக்கு மீசையே கிடையாதே?"

"அச்சடிக்கவன் போட்டிருப்பாம்ல. பேரு சரியாத்தான இருக்கு?"

"முப்பது வருஷம் கூட இருந்திருக்கே. அத்தான் களிம்பு கிண்டி ஒருநாளாவது பாத்தியா?"

"நான் பாக்கக் கிண்டுனா அது ரகசியமால? சும்மா கெட. போன பெறகாவது மகளுக்கு ஒரு மருந்து அனுப்பியிருக்காவளேன்னு நானே இப்பந்தான் நிம்மதியா இருக்கேன்."

அத்தான், என் அலமாரிப் புத்தகங்கள் முழுக்கப் புரட்டினாலும் இந்த வாதத்துக்கு மறுப்பு கிடைக்காது.

சீக்கிரம் வெளுக்க வைக்கிற களிம்பில் ரசம், அதாவது பாதரசம், இருக்கும், அது தோல் வழியே உடம்புக்குள் இறங்கும், பால் கொடுக்கிறவள் தொடவே கூடாது என்று நீங்கள் ஒருமுறை சொன்னதை எடுத்துச் சொன்னேன். பிள்ளை அந்தக் கன்னத்தில்தானே முகத்தை வைத்துத் தூங்குகிறான் என்றும் சொன்னேன். "நீ டாக்டரா, அவுக டாக்டரா?" என்றாள் அக்கா.

முதல் வாரம் கன்னம் பளிச்சென்றிருந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். இரண்டாம் வாரம் சிவந்து, தோல் உரிந்தது. "அழுக்கு கழலுது" என்று இன்னும் கொஞ்சம் அப்பினார்கள்.

பிறகு கோமதியின் கல்யாண மோதிரம் வெளுத்தது. களிம்பு தொடுகிற விரலில் கிடந்த தங்கம் ஈயம்போல ஆகிவிட்டது. அக்கா அலறிக்கொண்டு நகை செய்கிற ஆசாரியிடம் ஓடினாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரசம் ஏறியிருக்கு ஆச்சி. எதுல கொண்டு போட்டிய?" என்றார்.

வீட்டுக்கு வந்தவள் கோமதியின் கன்னத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தங்கத்தையே இந்தப் பாடு படுத்துதே, எம் பிள்ள மூஞ்சி என்னல ஆவும்?" என்றாள். நான் வாரக்கணக்காகக் கத்தியது ஒரு பொருட்டில்லை. ஆசாரி சொன்னால் சரி.

டப்பாவைச் சிற்றாற்றில் எறியப் போனாள். மறித்து வாங்கி, சுற்றிக் கட்டி ஆஸ்பத்திரியில் கொடுத்தேன். புது டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு இப்போதைக்குப் பயமில்லை, வாராவாரம் கொண்டுவந்து காட்டுங்கள் என்றார். கோமதிக்கு வெறும் தண்ணீர், தோல் காய்ந்தால் கொஞ்சம் தேங்காயெண்ணெய், வெளியே போனால் குடை. அவரும் பாட்டிலை நிரப்பவில்லை. எழுந்து கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

களிம்பு விற்றவன் கடையைச் சுருட்டிக்கொண்டு செங்கோட்டைக்குள் போய்விட்டான். அது திருவிதாங்கூர் மகாராஜா சீமையாம். "அங்கன நம்ம தொப்பி செல்லாது அண்ணாச்சி" என்று போலீஸ்காரர் கையை விரித்தார்.

கோமதியின் முகம் இப்போது முன்னைவிடக் கறுப்பு. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறாள். அடுத்த மாதம் வடகரையிலிருந்து மாமியார் அழைத்துப்போக வருகிறாள். எலுமிச்சம்பழத்தைத் தேய்த்து வெயிலில் உட்காரச் சொல்லி இப்போதே ஆள் அனுப்பியாகிவிட்டது. வெயிலில்!

நேற்று கோமதி கேட்டாள்: "மாமா, அப்பா இருந்தா எனக்காவது ஏதாவது குடுத்திருப்பாவளா?"

ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. "இல்ல தாயி. உனக்குக் கண்டிப்பா குடுத்திருக்க மாட்டாவ" என்றேன்.

பிள்ளையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்பம் வேற ஆரும் குடுக்காண்டாம்" என்றாள்.

அத்தான், வடகரைக்கு அவளோடு நானும் போகிறேன். சம்பந்தி வீட்டில் பத்து நாள் உட்கார்ந்து மரியாதையைக் கெடுத்துக்கொண்டாலும் சரி, அவள் முகத்தில் ஒருவரையும் கைவைக்க விடமாட்டேன். நீங்கள் இருந்தால் செய்திருக்கக்கூடியதை, அதாவது ஒன்றும் செய்யாமலிருப்பதை, இந்த ஒரு வருஷமும் விடாப்பிடியாகச் செய்வேன்.

உங்களிடம் மருந்து இல்லை என்பதை நம்பும் ஒரே சொந்தக்காரன்,
உங்கள் மைத்துனன், கோமதியின் தாய்மாமன்.