சிறப்பு வாய்ப்பில் அப்பா

கோவில்பட்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பொன்மணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், எனக்கு முழங்கால் வலி மட்டும் உண்டு, அது இல்லாவிட்டால்தான் டாக்டர் பயப்படுவார். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் சுகமா என்று எழுது. இடைசெவல் பக்கம் உளுந்தும் பாசிப்பயறும் எடுத்து முடித்துவிட்டார்கள், எடுக்கிற நேரத்தில் மழை விழுந்து பாசி கறுத்துப்போனதால் நம் கடைக்கு வருகிற சரக்கு பார்க்கச் சகிக்கவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். நான் போனில் பேசினால் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பதிலை அவர்தான் முதலில் படிக்கிறார், அதனால் மோர்மிளகாய்ப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன்.

விஷயம் இதுதான். அப்பா படித்த பல்கலைக்கழகத்துக்கு இந்த வருடம் அறுபதாம் ஆண்டு விழா. அதை முன்னிட்டு, எந்தக் காலத்தில் படித்துப் பேப்பர் பாக்கி வைத்தவர்களும் வந்து எழுதலாம் என்று அதன் கீழுள்ள எல்லாக் கல்லூரிகளிலும் சிறப்பு வாய்ப்பு கொடுத்தார்கள். அப்பாவுக்குச் செலவுக் கணக்கியல் பாக்கி. ஆமாம், அப்பா பி.காம். முடிக்கவில்லை. உன் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்குப் பின்னால் போட்டது அச்சகத்தார் பிழை அல்ல, அவரே எழுதிக் கொடுத்தது. எனக்குக் கல்யாணமான இரண்டாம் மாதமே உன் பெரிய அத்தை சொல்லிவிட்டாள். மனுசருக்கு மறைக்க ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

கார்த்திகையில் ஒரு நாள் உளுந்து பார்க்க விருதுநகர் போகிறேன் என்று கிளம்பினார். உளுந்து பார்க்கப் போகிறவர் இரண்டு பேனாவும் கால்குலேட்டரும் எடுத்துக்கொண்டு போனார். மத்தியானம் என் அண்ணன் மகன் மாரிசெல்வம் போன் செய்தான், அவன் அப்பா படித்த அந்த விருதுநகர்க் கல்லூரியில்தான் வாத்தியாராக இருக்கிறான். “அத்த, மாமா பரீட்சை ஹாலுக்குள்ள நொழைஞ்சதும் பறக்கும் படைன்னு நெனச்சுப் பிள்ளைய எல்லாம் எந்திரிச்சு நின்னுட்டாவ, ஒருத்தன் சாக்ஸுக்குள்ள இருந்தத எடுத்து சன்னல் வழியா வீசிட்டான்” என்றான். அப்பா எல்லாரையும் உட்காரச் சொல்லிக் கைகாட்டிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாராம். சாயங்காலம் வந்தவரிடம் உளுந்து எப்படி என்று கேட்டேன். கஷ்டமாத்தான் இருந்தது, ஆனா பரவாயில்ல என்றார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் முடிவு வந்தது, பாஸ். அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. சிறப்பு வாய்ப்பில் தேறியவர்களை வாழ்த்திக் கல்லூரிக்காரர்கள் நம்ம ஊர் பஜார் முக்கிலும் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். நடுவில் அப்பா, உன் கல்யாணத்தில் சம்பந்தி மாலையோடு எடுத்த போட்டோ, மாரிசெல்வம் கொடுத்தது. கழுத்தில் மாலை இருந்ததால் கீழே எழுதியதைப் படிக்காமல் இரண்டு பேர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தார்கள், காபி கொடுத்து அனுப்பினேன். படித்தவர்கள் கடைக்குப் போனார்கள். எதிரே எண்ணெய்க்கடை வைத்திருக்கிற முப்பிடாதி அண்ணாச்சி ரோட்டைத் தாண்டி வந்து, “ஏ காசி, பி.காம்னு நம்பித்தானல ஓங்கிட்ட ஜிஎஸ்டி கணக்கெல்லாம் கேட்டேன், இப்பத்தான் பாஸாயிருக்கியாமே” என்றாராம். அப்பா, “அபராதம் எதும் கெட்டுனியளா அண்ணாச்சி, இல்லல்லா, பெறகென்ன” என்று சொல்லிவிட்டுத் தராசைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் பஜாருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

அடுத்த மாதம் ஆண்டு விழாவில் மேடையேற்றிப் பட்டம் கொடுக்கிறார்கள். அப்பா போகமாட்டேன் என்கிறார். பஜாருக்கு வெட்கப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். முந்தாநாள் சாப்பிடும்போது அவராகவே, “பொன்மணிக்குத் தெரிஞ்சா எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவகிட்டப் பேச, அன்னைக்கு அந்தப் பேச்சுல்லா பேசினேன்” என்றார். இன்ஜினியரிங் இரண்டாம் வருடம் நீ கணக்கில் பெயிலானபோது, நம்ம வம்சத்தில் அரியர் என்கிற சொல்லே கிடையாது என்று சொல்லி ஒரு மாதம் உன்னோடு பேசாமல் இருந்தாரே, அதைத்தான் சொல்கிறார். உன்னிடம் சொல்லாமல் மேடையேற அவருக்கு மனசு வரவில்லை, சொல்வதற்கு வாயும் வரவில்லை. இந்தப் பத்து நாளில் மூன்று தடவை உனக்குப் போன் போட்டு அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டாரே, அவருக்குப் பனியைப் பற்றித் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. அடுத்த தடவை கேட்டால், பெய்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிடாதே. வேற என்னப்பா என்று கேட்டுவிட்டு, அவர் சொல்கிற வரைக்கும் சும்மா இரு. சொன்னதும் இப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி கேட்டுக்கொண்டு, விழாவுக்குப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல். நீ சொன்னால் போவார், வெள்ளைச் சட்டை ஏற்கெனவே தைக்கக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு மாதத்தைப் பற்றி உனக்குக் கேட்க நிறைய இருக்கும், கேட்காதே என்று நான் சொல்லவில்லை. பட்டம் வாங்கிய மறுநாள் கேள். நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

செண்பகவல்லி அம்மன் உங்கள் மூன்று பேரையும் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். மோர்மிளகாயை வெயில் கண்ட அன்று ஒரு தடவை காயவைத்து எடுத்து வை, இல்லாவிட்டால் பூசணம் பூத்துவிடும்.

இப்படிக்கு உன் அம்மா,
சுகுணா காசிராஜன்