இருபத்தாறு டிகிரி

மே 6, செவ்வாய்

வெயில். குளித்துவிட்டு வந்து துண்டை மாட்டுவதற்குள் மறுபடி வியர்வை. மீன் தொட்டி காலையில் 26.2 டிகிரி. ஆவியாகிப் போனதற்கு இரண்டு மக் ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றியாயிற்று. போன மாதம் குழாய்த் தண்ணீரை ஊற்றப்போய் எஸ்தரிடம் கண்ணாலேயே திட்டு வாங்கினேன்.

எஸ்தர்: கஞ்சி முக்கால் டம்ளர். இருமல் இல்லை. வெளிக்குப் போகவில்லை.

பெண்டாட்டிக்குப் பக்கவாதம் வந்து நாலு மாதம். வலது பக்கம் போயிற்று, பேச்சும் போயிற்று. மிச்சம் இடது கை, இரண்டு கண், புத்தி. புத்தி அப்படியே இருக்கிறது என்று டாக்டர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்கு அதுதான் பயம்.

இடது கையைத் தூக்கினால் "தொட்டி எத்தனை?" என்று அர்த்தம். நான் போய்ப் பார்த்து நம்பரைச் சொல்ல வேண்டும். சொன்னால் கை இறங்கும். சொல்லாதவரை இறங்காது. பாத்ரூமிலிருந்து ஈரக்காலோடு ஓடி வந்திருக்கிறேன். டிராம்பே பக்கம் ஃபிட்டராக வேலை பார்த்த காலமெல்லாம் டயல் பார்த்தவன். ரிட்டயர் ஆகியும் டயல்தான்.

வாங்க வேண்டியது: டயப்பர், பேரீச்சம்பழம், உப்பு (மீன் உப்பு, சமையல் உப்பு அல்ல), எறும்பு மருந்து.

மே 7, புதன்

சில்லர் மெக்கானிக் வந்தான். தொட்டிக்குக் கீழே அலமாரியில் படுத்துக்கொண்டு தண்ணீரைக் குளிர வைக்கும் அந்தப் பெட்டி, நேற்றிலிருந்து கொஞ்சம் கரகரப்பு. ஃபில்டரில் தூசி, அவ்வளவுதான். துடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "காகா, இஸ்கோ பந்த் மத் கர்னா. மே மஹினா ஹை." நான் ஏன்டா நிறுத்தப்போகிறேன்.

எங்கள் தூத்துக்குடியில் அந்தக் காலத்தில் பவளப் பாறையை வெட்டிக் கொண்டுவந்து சுண்ணாம்புக் காளவாயில் எரிப்பார்கள். இங்கே தொட்டிக்குள் அதே பவள ஜாதிக்கு ராப்பகல் கரண்ட், 26 டிகிரி, ஒரு டிகிரி ஏறினால் வீட்டில் கலவரம். எஸ்தர் ஸ்கூலில் பயாலஜி டீச்சராக இருந்தவள். ரிட்டயர்மென்ட் பரிசு வேண்டாம், இதுதான் வேண்டும் என்று வாங்கினாள். "வறுக்க முடியாத மீனுக்கு இவ்வளவு சீரா" என்று நான் கேட்டது தெருவுக்கே தெரியும். அப்போது சிரித்தாள்.

ஏசி போட்டால் அவளுக்குச் சளி கட்டுகிறது, டாக்டர் வேண்டாம் என்கிறார். ஆகவே மனுஷி வேகிறாள், மீன் குளிர்கிறது. அதிலும் சில்லர் விடுகிற சூட்டுக்காற்று ஹாலுக்குள்தான். கட்டிலை உள் அறைக்கு மாற்றலாம் என்று சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டாள். அதாவது முடியாது.

மே 8, வியாழன்

மத்தியானம் கேபிள் ஃபால்ட், கரண்ட் இல்லை. கீழே வாட்ச்மேன், "ஆ ஜாயேகா, ஆ ஜாயேகா." வரவில்லை.

ஃப்ரீசரிலிருந்த ஐஸ் பாட்டில்களை எடுத்தேன். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போடப் போனவனைக் கட்டிலில் டம்டம் என்று தட்டி நிறுத்தினாள். ஒரு விரல் காட்டினாள். ஒன்று. அது கரைந்த பிறகு இன்னொன்று. சூடு ஏறினாலும் சாகும், சட்டென்று குளிர்ந்தாலும் சாகும், மெதுவாக இறக்கு. இதை வாயிருந்தபோது நூறு தடவை சொல்லியிருக்கிறாள், நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பேன்.

27.4 வரை போய், பிறகு 27, 26.6. ஒவ்வொரு பாட்டிலுக்கும் நான் நம்பர் சொல்ல, அவள் அடுத்த விரலைக் காட்ட. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வேலை செய்து எத்தனை நாளாயிற்று. கரண்ட் வந்ததும் அவள் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்புதான். நன்றாகத் தெரியும் எனக்கு.

பாறையில் பூ மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த அனிமோன் (எ. அதைச் சாமந்தி என்பாள்) சுருங்கிப்போயிருந்தது, சாயங்காலம் விரிந்தது. இரண்டு ஆரஞ்சு மீனும் அதற்குள் போய்ப் படுத்துக்கொண்டன. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை.

மே 9, வெள்ளி

கிரேஸ் வந்தாள், எ.யின் தங்கை, தாராவியிலிருந்து. அக்கா தலையைச் சீவி, நகம் வெட்டி, பவுடர் போட்டுவிட்டாள். அடுப்படியில் வந்து என்னிடம் அழுதாள்.

"அத்தான், எத்தன நாளைக்கு இப்படியே டாக்டர் டாக்டர்னு இருக்கப் போறியோ? ஞாயித்துக்கெழம எங்க சபைல எல்லாரையும் கூட்டிட்டு வாரேன். வீட்டுல வச்சு ஒரு ஜெபம். பாஸ்டர் கை வச்சு எத்தன பேரு எந்திரிச்சிருக்காவ."

"உங்க அக்காவுக்கு இந்தச் சத்தமெல்லாம் பிடிக்காதே."

"அவளுக்குப் பிடிக்காது. உங்களுக்கு அவ பேசணுமா வேண்டாமா?"

எ. சர்ச்சில் கடைசி பெஞ்சுக்காரி. பாட்டுப் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முனகுவாள், அதோடு சரி. கிரேஸ் சபையில் கையை உயர்த்தி ஆராதிப்பதைப் பார்த்து, "பஸ்ஸை நிறுத்துற மாதிரி" என்று என் காதில் சொன்னவள்.

சரி என்று சொல்லிவிட்டேன். பேசணும். ஒரு வார்த்தை, திட்டாக இருந்தாலும் சரி.

தொட்டி 26.1.

மே 11, ஞாயிறு

இரவு எட்டு. இன்றைக்கே எழுதியாக வேண்டும்.

ஹால் முழுக்க ஆள். சோபாவை வெளிப் படியில் தூக்கிப் போட்டோம். கதவை அடைத்து, ஜன்னலை அடைத்து (மேல் வீட்டுக்காரருக்குத் தொந்தரவு வேண்டாமென்று). கீபோர்டு வாசிக்கிற பெண்ணுக்கு பிளக் பாயிண்ட் வேண்டும், கட்டில் தலைமாட்டில் மாட்டியிருந்த பிளக்கைக் காட்டி, "அங்கிள், யே நிகாலூ க்யா? கொஞ்ச நேரந்தான்" என்றாள். எடுத்துக்கோம்மா என்றேன். தமிழ்ப் பாட்டை போனில் இங்கிலீஷ் எழுத்தில் வைத்துப் பாடுகிறது அந்தப் பெண். குரல் மட்டும் தங்கம்.

பாட்டு இரண்டு. பிறகு பாஸ்டர் எ. நெற்றியில் கை வைத்தார். எல்லாரும் எழுந்து நின்று கைகளை உயர்த்தினார்கள். அப்போதுதான்.

எ. கை தூக்கினாள்.

இடது கை, முழங்கை மடங்காமல், நேரே. நடுங்கிக்கொண்டு. அவளா இது. கிரேஸ் "அக்கா, அக்கா" என்று கத்திவிட்டாள். பாஸ்டர் குரல் இரண்டு மடங்கு ஏறியது. "பாருங்க, தேவனுடைய பிள்ளை கையை உயர்த்துறா பாருங்க, விடாதீங்க, ஜெபிங்க!" எ. தொண்டையிலிருந்து சத்தம் வேறு வந்தது, நாலு மாதத்தில் நான் கேட்காத சத்தம். ஹாலே அழுதது. நானும். நான் எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காதவன், ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று கண்ணை மூடிச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

ஜெபம் முடிகிறவரை கை இறங்கவில்லை. கிரேஸ் அந்தக் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

டீ, சமோசா. எல்லோரும் கிளம்பியாயிற்று. கீழே ஆட்டோ ஸ்டாண்ட் வரை போய் விட்டுவிட்டு வந்தேன். வந்தால் திரும்பவும் கை மேலே. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பிடித்து முத்தம் கொடுத்தேன். இழுத்தாள், விடவில்லை நான். போதும் எஸ்தர், கர்த்தர் கேட்டாச்சு, படு என்றேன். கண்ணில் தண்ணீராக ஓடியது. தூக்க மாத்திரை கொடுத்த பிறகு தானாக இறங்கியது.

தொட்டி பார்க்கவில்லை. காலையில் 26.1. லைட் எரிகிறது, தண்ணீர் ஓடுகிறது.

வீடு எவ்வளவு நிம்மதியாக இருக்கிறது. ஒரு சத்தம் இல்லை.

மே 12, திங்கள்

32.9.

பால் கலந்த மாதிரித் தண்ணீர். நாற்றத்தில்தான் விழித்தேன். அவள் முன்னாலேயே விழித்திருந்தாள். எப்போதிலிருந்து என்று தெரியாது. தொட்டியைப் பார்த்தபடி கிடந்தாள்.

சில்லர் பிளக் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே தரையில். கீபோர்டுக்காகப் பிடுங்கியது. அவர்கள் தங்கள் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எடுத்துக்கோ என்றது நான். திரும்ப மாட்ட வேண்டியது நான்.

சாமந்தி சூடு தாங்காமல் பாறையை விட்டுக் கழன்று, அலை பம்பில் மாட்டி, நார் நாராக. அதன் விஷத்தில் மற்றதெல்லாம். ஒரு ஆரஞ்சு மீன் அடியில், ஒன்று மேலே வாயைப் பிளந்துகொண்டு மூச்சு வாங்கியது. ஃப்ரீசரில் இருந்த ஐஸ் பாட்டில் எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டேன். ஒவ்வொன்றாக என்று தெரியும். தெரிந்தும் போட்டேன். அதுவும் போயிற்று.

கட்டிலில் தட்டி அவள் என்னை நிறுத்தவில்லை.

பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் அந்தக் கை ஞாபகம் வந்தது. தலைமாட்டில்தானே பிடுங்கினார்கள். அவள் கண்ணுக்கு முன்னால். நேற்று முழுக்க என்னிடம் "எத்தனை, எத்தனை" என்று கேட்டிருக்கிறாள். நாங்கள் இரண்டு பேரும் பேசுகிற ஒரே பேச்சு அது. கடைசி பெஞ்சுக்காரி கையைத் தூக்கினால் எதற்கென்று ஊருக்குத் தெரியாமல் போகலாம். எனக்குத் தெரியாமல் போயிற்றே.

மே 13, செவ்வாய்

வாளி வாளியாக எடுத்துக் கக்கூஸில் ஊற்றினேன். நாற்றம் போகவில்லை. பக்கத்து வீட்டம்மா மூக்கை மூடிக்கொண்டு, "காய் ஜாலா?" மீன் செத்துப்போச்சு என்றேன். "ஓ, மீன்தானா?" என்று நிம்மதியாகப் போனாள்.

எ. கஞ்சி இரண்டு ஸ்பூன். வாயை மூடிக்கொண்டாள்.

"எஸ்தர், தப்பு என்னுதுதான்" என்றேன். என்னைப் பார்க்கவில்லை. தொட்டி இருந்த பக்கமும் பார்க்கவில்லை. சீலிங்.

மே 15, வியாழன்

புது உப்புத் தண்ணீர் கலக்கி ஊற்றினேன். சில்லர் ஓடுகிறது. 26.0. உள்ளே பாறை மட்டும். இந்தச் சத்தம் இல்லாமல் ஹாலில் இருக்க முடியவில்லை.

ஃபிசியோ மேடம் இடது கையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "தாகத் தோ ஹை, அங்கிள். பலம் இருக்கு, அவங்களே தூக்க மாட்டேங்கறாங்க" என்றார்.

கிரேஸ் போன். "அத்தான், அக்கா இன்னும் கை தூக்குதாளா?" இல்லை என்றேன். "தூக்குவா. விசுவாசத்த விட்றாதீங்க. ஞாயித்துக்கெழம நீங்க வந்து சாட்சி சொல்லணும், பாஸ்டர் கேக்காவ." பிளக் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் குரலில் அவ்வளவு சந்தோஷம். கால் வலிக்கிறது, வர முடியாது என்று சொன்னேன்.

மே 18, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. 26.0.

கிரேஸ் வீடியோ அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு யாரோ போனில் எடுத்தது. இன்று சபையில் போட்டுக் காட்டினார்களாம், தாணே சபைக்கும் அனுப்பினார்களாம். "எல்லாரும் அழுதாங்க அத்தான்."

சத்தத்தை அணைத்துவிட்டு அடுப்படியில் நின்று பார்த்தேன். எல்லோர் முகமும் மேலே. எ. மேலே பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், சுவரைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள். நான் கட்டிலை ஒட்டித்தான் நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு.

ஹாலுக்கு வந்து அவள் இடது கையை நானே தூக்கினேன். "இருபத்தாறு, எஸ்தர்" என்றேன். விட்டதும் விழுந்தது.