பரவை வரை நீளாத தரை

சிம்மக்கல், மதுரை
திங்கட்கிழமை, மதியம்

அன்பு மகள் நிலோபருக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. இந்த வீட்டில் இப்போது குறையில்லாமல் இருப்பது நீ பெல்ஜியத்திலிருந்து அனுப்பிய தரை ஒன்றுதான். மற்றதெல்லாம் கேட்கும்படியாக இல்லை.

தினமும்தான் வீடியோவில் பேசுகிறோமே, அத்தா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் எப்படிச் சொல்வது? பேச ஆரம்பித்ததுமே உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பார்வை குறையக் குறைய அவளுக்குக் காது அவ்வளவு கூர்மையாகிவிட்டது. கடையிலிருந்து பேசலாம் என்றால், சாயங்காலம் நீ அவளிடம் பேசும் குரலை வைத்தே நான் ஏதோ சொல்லியிருக்கிறேன் என்று கண்டுபிடித்துவிடுவாள். எழுதினால் நீ நிதானமாகப் படித்து, கொஞ்சம் ஆறப்போட்டுப் பேசலாம். உன் கல்யாணப் பேச்சை இதில் எடுக்கவில்லை. பயப்படாமல் படி.

முதலில் அந்த வீடியோ விஷயம். நீ கேட்டாயே என்று, அம்மா ஹாலிலிருந்து அடுப்படிக்குப் போய்த் தண்ணீர் எடுத்து வருவதைப் படம் பிடித்து அனுப்பினேன். அதைப் பார்த்துவிட்டு உங்கள் ஆபீஸில் ஒருவர், இந்த அம்மாவுக்கு நிஜமாகவே பார்வை இல்லையா என்று கேட்டாராம். நீ அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாய். அம்மாவும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இப்போது உங்கள் கம்பெனிக் கண்காட்சியில் போடுவதற்கு இன்னும் நீளமாக வேண்டும் என்கிறாய். எடுக்க மாட்டேன் நிலோபர். கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. கோபம்தான், ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது.

உன் கண்டுபிடிப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தரையில் ஒட்டும் வினைல் ஷீட் விற்றே தலை நரைத்தவன் நான். மரம் மாதிரி, கருங்கல் மாதிரி, கோரைப்பாய் மாதிரி என்று எத்தனையோ ஷீட் இந்தக் கடைக்கு வந்து போயிருக்கிறது. நடுவில் அச்சடித்த படம், அதன்மேல் தேயாமல் இருக்க ஒரு பூச்சு, அதில் அழுத்திய வரிகள். எல்லாம் கண்ணுக்காகச் செய்தவை. நீ ஒருத்திதான் காலுக்காகச் செய்தாய். மேலே மெத்தென்று ஓர் அடுக்கு, அதற்குள்ளே யாருக்கும் தெரியாமல் கெட்டியான வரிகள். பார்த்தால் வெறும் சாம்பல் நிறத் தரை. வெறுங்காலை ஊன்றினால்தான் அடியில் ஓடுவது தட்டுப்படும். அடுப்படிக்குப் போகும் வழியில் நீள வரி, நிலைப்படி வரும் முன்னால் புள்ளிகள், தொழும் இடத்தில் அகலமாகத் தொடங்கி மேற்கே போகப் போகக் குறுகும் வரி. அம்மா அதில் முதல்முதலாக நடந்த அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. உன்னிடம் சொல்லவில்லை.

அந்தத் தரையைப் போட்டபோது நடந்த ஒரு கூத்தையும் உன்னிடம் மறைத்துவிட்டோம். நான் ஈரோட்டுக்குச் சரக்கு பார்க்கப் போயிருந்தேன். ஷீட் ஒட்டும் முத்துக்கருப்பனை உனக்குத் தெரியும், அத்தனை சுத்தமான வேலைக்காரன். வெறும் நிற ஷீட் என்றால் ஒன்றுவிட்டு ஒன்றைத் தலைமாற்றிப் போடுவது எங்கள் தொழிலில் பழக்கம். அப்போதுதான் ஓரத்துக்கு ஓரம் நிற பேதம் தெரியாது. சாம்பல் நிறத்தைப் பார்த்ததும் அவன் கை பழகியபடியே வேலை செய்துவிட்டது. நடு ஷீட் தலைமாறிவிட்டது. அதில்தான் தொழும் இடம் இருக்கிறது.

நான் திரும்பி வந்து பார்க்கிறேன், உன் அம்மா கிழக்கே பார்த்துத் தொழுதுகொண்டிருக்கிறாள். அவள் இந்த வீட்டுக்கு வாழ வந்தது நீ பிறப்பதற்கு முன்னால். மேற்கு எது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏன் இப்படி என்று கேட்டேன். "எனக்கும் மேக்கு அந்தப் பக்கந்தானேன்னு தோணுச்சுங்க. ஆனா பிள்ளை படிச்சுப் போட்ட தரை, தப்பா இருக்காதுல்ல" என்றாள். தெரியாமல் நடந்தது, குற்றமில்லை என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொன்ன பிறகுதான் அவளுக்கு மனசு ஆறியது. முத்துக்கருப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூலி வாங்காமல் மறுபடி ஒட்டிக் கொடுத்தான். நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும், தன் தலைக்குள் இருக்கும் திசையைவிட உன் தரையை நம்புகிறாளே என்று. அன்று அதை ஒரு வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிறத்தியாருக்குத் தெரியாமல் அம்மா நடக்க வேண்டும் என்றுதானே வரிகளை உள்ளே மறைத்தாய்? நீ நினைத்தது அப்படியே நடந்துவிட்டது. யாருக்குமே தெரியவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவள் நடக்கிற நடையைப் பார்த்துவிட்டு, அஜ்மல் பீவிக்குக் கண் தெளிந்துவிட்டது என்கிறார்கள். பையைக் கொண்டுவந்து நடுவழியில் வைக்கிறார்கள். அவள் அதில் முட்டிக்கொண்டு, ஏதோ யோசனையாக வந்துவிட்டேன் என்று சமாளிக்கிறாள். கண்ணில் லேசாக மங்கல், சொட்டு மருந்து விடுகிறேன் என்பதற்குமேல் ஒருவரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லவும் என்னை விடுவதில்லை.

உள்ளே இப்படி நடக்கிறவள் வெளியே இறங்குவதை நிறுத்திவிட்டாள். தரை வருவதற்கு முன்னால் அவளும் நானும் மாதம் தவறாமல் பரவைக்குப் போவோம், ஜுலைகா பெரியம்மாவைப் பார்க்க. ஆரப்பாளையத்தில் பஸ் மாறும்போது அந்தக் கூட்டத்தில் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். இஸ்திரி போட்ட சட்டை கசங்குகிறது என்று நான் எரிந்து விழுவேன். இப்போது சட்டை கசங்குவதே இல்லை. கூப்பிடும் போதெல்லாம் மூட்டு வலி, வெயில், தலைசுற்றல் என்று ஏதாவது ஒரு சாக்கு.

பெரியம்மாவுக்குச் சர்க்கரையால் காலில் புண் வந்து ஆறாமல் இருப்பது உனக்குத் தெரியும். நடக்க முடியாமல் கிடக்கிறார்கள். அஜ்மலை ஒரு தடவை வரச் சொல்லுங்கள் என்று எத்தனை முறை சொல்லி அனுப்பினார்கள். போன மாதம் பெரியத்தாவே நேரில் வந்தார். உன் அம்மா அடுப்படியிலிருந்து டீயை ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார். பரவைக்குப் போய், அவளுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை, இங்கே வர மனசு இல்லாமல் சாக்கு சொல்கிறாள் என்று சொல்லியிருக்கிறார். நான் போனில் உள்ளதைச் சொன்னேன். நம்பவில்லை. பெண்டாட்டிக்காகப் பரிந்து பேசுகிறேனாம். பெரியம்மாவோ, கூடப்பிறந்தவளுக்கு நான் அருவருப்பாகப் போய்விட்டேன், அவள் என் மய்யித்து முகம் பார்க்கவும் வர வேண்டாம் என்று அழுதார்களாம். தாயில்லாத வீட்டில் உன் அம்மாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவர்கள் அவர்கள்.

அதற்குமேல் பொறுக்க முடியாமல் போன வெள்ளிக்கிழமை வாசலுக்கு ஆட்டோவை வரவழைத்தேன். அம்மாவும் எப்படியோ சம்மதித்து, புர்கா போட்டுக்கொண்டு வாசல் வரை வந்தாள். உன் தரை நிலைப்படியோடு முடிகிறது அல்லவா? ஒரு காலைச் சிமெண்டுப் படியில் வைத்தாள். வைத்த காலை உடனே உள்ளே இழுத்துக்கொண்டாள். நான் கையைப் பிடித்தேன், உதறிவிட்டாள். எதிர்வீட்டில் யாரோ பேசும் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. "வீட்டுக்குள்ள ராணி மாதிரி நடக்குறவளத் தெருவுல குருடின்னு காட்டிக் குடுக்கப் பாக்குறீங்களா?" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆட்டோவைத் திருப்பி அனுப்பினேன்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஷீட் வெட்டும் கத்தியை எடுத்து, வாசலோரம் தரையின் விளிம்பைக் கிளப்பிவிட்டேன். சத்தத்தை வைத்தே புரிந்துகொண்டு அவள் வந்து அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "இதுல நடந்தா நிலோபர் கையப் புடிச்சு நடக்குற மாதிரி இருக்கு. அத எடுத்துறாதீங்க" என்றாள்.

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். வேறு என்ன செய்ய? நீ ஊருக்கு வந்து மூன்று ரம்ஜான் ஆகிறது. நான் தினமும் பக்கத்தில்தான் இருக்கிறேன். என் கை அவளுக்கு வேண்டாததாகிவிட்டது, அங்கிருந்து வந்த ஷீட் உன் கையாகிவிட்டது. உன்மேல் கோபப்படுவதா, அவள்மேல் கோபப்படுவதா, என்மேலேயே கோபப்படுவதா என்று தெரியவில்லை. அதனால் கடைப் பையன் பரீத்மேல் கோபப்படுகிறேன். பாவம், நாலு நாளாக என் கண்ணில் படாமல் குடோனிலேயே இருக்கிறான்.

நீ அனுப்பிய புது சாம்பிள் பெட்டி வந்துவிட்டது. பிரிக்கவில்லை. மாடிப்படிக்கும் மொட்டைமாடிக்கும் சேர்த்து அனுப்பியிருப்பதாகச் சொன்னாய். அதையும் போட்டுவிட்டால் அவள் வாசல் பக்கமே வர மாட்டாள். கடை மூலையில் கிடக்கட்டும். கடைக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள், சாயங்காலம் தொடர்கிறேன்.

செவ்வாய்க்கிழமை

நேற்றுச் சாயங்காலம் தொடர முடியவில்லை. பெரியத்தா போன் செய்தார். புண் மேலே ஏறிவிட்டதாம். பெரியம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை ஆபரேஷன். இருதயமும் பலவீனமாக இருக்கிறது, மயக்கம் கொடுப்பதில் ஆபத்து உண்டு, சொந்தக்காரர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாராம். இதற்குமேல் என்ன அர்த்தம் வேண்டும்?

அம்மாவிடம் சொன்னேன். இன்று விடியும் முன்னே அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்க் கஞ்சி காய்ச்சினாள், நோன்புக்குக் காய்ச்சுவோமே, அந்த மாதிரி. பெரியம்மாவுக்குப் பிடித்தது. பிளாஸ்கில் ஊற்றி என் கையில் கொடுத்து, நீங்கள் கொடுத்துவிட்டு வாருங்கள் என்றாள். நீயும் வா என்றேன். திரும்பி நடந்துவிட்டாள். எவ்வளவு நேராக நடந்தாள் தெரியுமா? எனக்கு அந்த நடையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

காலையில் கொண்டுபோனேன். பெரியம்மா கஞ்சியைப் பார்த்ததும் யார் காய்ச்சியது என்று தெரிந்துகொண்டார்கள். "காச்சுனவ வரட்டும், அப்பக் குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்கள். நான் ஒரு மணி நேரம் நின்று பார்த்தேன். திரும்பவே இல்லை. பிளாஸ்கை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் அம்மாவுக்குக் கையில் வாங்கியதும் கனம் தெரிந்திருக்கும். அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடத்தான் நினைத்திருந்தேன். இனி அதற்கு நேரமில்லை. பரீத்திடம் கொடுத்துப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்கிறேன். நீ மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பார்த்துவிடுவாய்.

உடனே கிளம்பி வா என்று சொல்லவில்லை. லீவு, டிக்கெட், கண்காட்சி என்று உனக்கு ஆயிரம் இருக்கும். வந்தால் வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். கேட்பது ஒன்றுதான். இன்று சாயங்காலம் அம்மாவிடம் நீ பேசு. சமாதானமாகப் பேசாதே, உள்ளதைச் சொல். அந்தத் தரையைச் செய்தவள் நீ. அது எங்கே முடிகிறது என்று நீ சொன்னால்தான் அவளுக்கு ஏறும். வாசலோடு முடிகிறது என்று சொல். அதற்கு அப்பால் அத்தா கையைப் பிடித்துக்கொண்டு நட, யார் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று சொல். நான் அதட்டியும் கெஞ்சியும் பார்த்துவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொள் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை. இந்த வயதில் அதைப் பெண்டாட்டியிடம் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை நிலோபர். எனக்காக நீ கேள்.

அல்லாஹ் உன் அறிவிலும் ஆயுளிலும் பரக்கத் செய்யட்டும். உன் தரையில் நடக்கிற யாரும் தடுமாறாமல் இருக்கட்டும், அதைவிட்டு இறங்கும் தைரியத்தையும் அவர்களுக்கு அவன் கொடுக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் தலையைத் திறந்துபோட்டுக்கொண்டு திரியாதே.

நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடியும் ஆட்டோவை வரச் சொல்லியிருக்கிறேன். நான் வாசலுக்கு வெளியே, அந்தச் சிமெண்டுப் படியில் நின்றுகொண்டிருப்பேன்.

துஆவுடன்,
உன் அத்தா
ஷேக் தாவூது